இணைப்பு கூடாது

இரவு இரண்டு மணி.
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில்
பச்சைப் பலகைகளைக் கண்ணாடிக்கடியில் பார்த்துப்
பழுதானதை ஓரம் தள்ளிவிட்டு
பஸ்ஸில் வருகிறேன்.
பாலத்தின் விளக்குகள் கடலில் நனைகின்றன.
கைப்பேசியைத் திறந்தால்
அங்கேயும் அதே வேலை.
'ஜெலுத்தோங் தமிழ்க் குடும்பங்கள்',
எண்ணூற்றுப் பன்னிரண்டு பேர்,
ஒரே காவல்காரி.
சம்பளம் கிடையாது.

முப்பதே நாளில் இடுப்பு குறையும். நீக்கு.
வீட்டிலிருந்தே மாதம் எட்டாயிரம் வெள்ளி. நீக்கு.
நம்பினால் தொடுங்கள், நம்பாவிட்டாலும் தொடுங்கள். நீக்கு.
யாரோ இறந்த செய்திக்குக் கீழே
'ஆழ்ந்த இரங்கல்' வரிசையில் பதினான்காவதாக
முடி வளர்க்கும் எண்ணெய்,
நீல எழுத்தில் வாலாட்டும் ஒரு முகவரி.
அதை நீக்கும்போது மட்டும்
விரல் கொஞ்சம் கூடுதலாக அழுத்திவிட்டது.

ஈசலைப் பெருக்குகிற வேலை.
அள்ளிப் போட்டு நிமிர்ந்தால்
விளக்கைச் சுற்றி மறுபடி.

அக்டோபரில் ஒரு விதி வைத்தேன்:
நீல எழுத்து எதுவானாலும் வாசலோடு சரி.
மூன்று நாள்
கழுவிவிட்ட அஞ்சடி மாதிரி இருந்தது குழு.

நான்காம் நாள் மழை.
சுங்கை பினாங்கு கரையேறியது.
எந்தச் சாலை மூழ்கியிருக்கிறதென்று
யாரோ ஒருவர் வரைபடம் அனுப்பியிருக்கிறார்.
அதுவும் நீல எழுத்துத்தான்.
அதையும் தின்றுவிட்டது என் விதி.
தயாபரனின் மோட்டார்சைக்கிள்
இஞ்சின் வரை தண்ணீரில்.
'அட்மின் தூங்குதா?' என்று கேட்டிருந்தார்.
தூங்கித்தான் போயிருந்தேன்.

விதியைப் பாதி தளர்த்தினேன்.
எறும்புக்குத் தெரிவதுபோல அவர்களுக்கும் தெரிந்தது.
முதலில் வந்தது 'கோல்டன் மலர்',
முகத்துக்குப் பதில் சூரிய உதயம்,
ஒரே நாளில் பதினொரு முறை.
வெளியே தள்ளினேன்.
'வெற்றி மலர்' என்று வந்தாள், அதே சூரியன்.
தள்ளினேன்.

சனிக்கிழமை லிஃப்டில்
அட்டைப்பெட்டி மூன்றைச் சுமந்து
மூச்சு வாங்க நின்ற ஒருத்திக்கு
ஒன்பதை அழுத்திவிட்டேன்.
பெட்டியில் அதே பொன்னிறக் கோப்பை,
அதே மெலிந்த இடுப்பு.
அவள் பைக்குள்ளிருந்து ஒரு குரல் பதிவு
தானாக ஓடியது:
'பத்து குழுவுக்கும் போட்டாச்சா மலர்?
போடலேன்னா பாயிண்ட் வெட்டுதான்.'
சத்தத்தைக் குறைக்க அவளிடம் கை இல்லை.
நான் எண்கள் மாறுவதைப் பார்த்தேன்.
ஆறு. ஏழு.
'மேலிடம்' என்றாள், சாமியைச் சொல்வதுபோல.
'மூவாயிரம் வெள்ளி கட்டியிருக்கேன்க்கா.'
உன்னை இரண்டு முறை வெளியே தள்ளியவள் நான்தான் என்று
எட்டில் சொல்லியிருக்கலாம்.
கதவு திறந்துவிட்டது.

அன்றிரவு எழுதி ஒட்டினேன்:
ஞாயிறு மட்டும். ஆளுக்கு ஒரு பதிவு.
இணைப்பு கூடாது.
என்ன விற்கிறீர்கள், எந்த மாடி,
சொந்த வார்த்தையில் சொல்லுங்கள்.
இரங்கல் செய்தியின் கீழ் கடை விரித்தால் மன்னிப்பில்லை.

நாற்பது வியாபாரிகளில் முப்பத்தேழு பேர்
ஓசையில்லாமல் கிளம்பிப் போனார்கள்.
சொந்த வார்த்தை அவர்களிடம்
கையிருப்பில் இல்லை போலும்.

ஞாயிறு காலை
புதிதாக ஒருத்தி சேர அனுமதி கேட்டாள்.
சூரியன் இல்லை. தூக்கமில்லாத ஒரு முகம்.
சேர்த்த கையோடு வந்து நின்றது:

'வணக்கம். சி பிளாக், ஒன்பதாம் மாடி, புனிதமலர்.
மெலிய வைக்கும் காப்பி.
நான் குடிச்சேன், மெலியலை.
வாசம் நல்லா இருக்கும்.
நாப்பது பெட்டி இருக்கு, எறும்பு வருது.
பாதி விலை.'

பழுதையே தேடிப் பழகிய கண்
இரண்டு முறை படித்தது.
அனுமதித்தேன்.
பதினோரு பேர் பார்த்துவிட்டார்கள்,
ஒருவரும் பேசவில்லை.
தயாபரன் மட்டும் கேட்டார்:
'சீனி எறும்பா, கட்டெறும்பா?'

லிஃப்ட் இன்றைக்கு மறுபடி பழுது.
ஒரு பெட்டிக் காப்பிக்காக
ஒன்பது மாடி யார் ஏறுவார்கள்?

செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.